ஓட்டோலித்: 'காது எலும்பு' வேண்டாம், 'செவிக்கல்' போதும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

நாம் தமிழில் எழுதும் ட்ரௌட் மீன் கட்டுரையில், மீனின் காதுக்குள் இருக்கும் 'ஓட்டோலித்'தைக் 'காது எலும்பு' என்று எழுதலாம் என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. ஓட்டோலித் எலும்பே அல்ல. எலும்பில் இருப்பது கால்சியம் பாஸ்பேட். இது கால்சியம் கார்பனேட். மீனின் உட்செவியில் அடுக்கடுக்காகப் படிந்து வளர்வது, ஒருமுறை படிந்தால் பொதுவாகக் கரையாது. வளையங்களை எண்ணி மீனின் வயதைச் சொல்ல முடிவது அதனால்தான். கத்தாழை மீனின் தலையை உடைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே இருப்பது வெள்ளைக் கல். ஆகவே 'செவிக்கல்'.

ட்ரௌட் கட்டுரைக்கு இந்த ஒரு சொல் மட்டும் போதாது. ஐரோப்பிய ஆறுகளில் பழுப்பு ட்ரௌட் குஞ்சும் அட்லாண்டிக் சால்மன் குஞ்சும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் கலந்து கலப்பினமும் பிறக்கும். நீர்நாயோ நீர்க்காகமோ தின்ற மீனில் சதை செரித்துப் போனாலும் கல் மிஞ்சுவதுண்டு. அந்தக் கல்லின் வடிவத்தை வைத்தே இரண்டின் குஞ்சுகளையும் பிரித்தறியலாம் என்று 1988-லேயே ஓர் ஆய்வு வந்துவிட்டது. இப்போது கல்லைப் படமெடுத்து, அதன் விளிம்புக்கோட்டை ஃபூரியே முறையில் (வளைகோட்டை அலைகளாகப் பிரிக்கும் கணித முறை) எண்களாக்கி ஒப்பிடுகிறார்கள். இதற்குச் 'செவிக்கல் வடிவாய்வு' சரியாக இருக்கும்.

அடுத்து, உட்செவியில் பக்கத்துக்கு மூன்று கற்கள் உண்டு: சஜிட்டா, லேப்பில்லஸ், ஆஸ்டெரிஸ்கஸ். ட்ரௌட்டில் பெரியது சஜிட்டா. வடிவாய்வு அதில்தான் நடக்கிறது. அதற்காகச் சஜிட்டாவையே பொதுவாகச் 'செவிக்கல்' என்று எழுதிவிட்டால், நாளைக்கு நம் கெளுத்தியைப் பற்றி எழுதும்போது மாட்டிக்கொள்வோம். அதில் பெரியது லேப்பில்லஸ். அதனால் அம்புக்கல், பரற்கல், விண்மீன்கல் என்று மூன்றுக்கும் தனிப்பெயர் வைப்போம். லத்தீன் பொருளும் அதுவே.

கல்லின் முன்முனையில் நீண்டிருக்கும் ரோஸ்ட்ரத்துக்கு 'அலகு' என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல்தான். ஆனால் அளவீடுகள் நிறைந்த கட்டுரையில் 'அலகின் நீளம்' என்றால் படிப்பவர் மில்லிமீட்டரா சென்டிமீட்டரா என்று தேடுவார். அதனால் ரோஸ்ட்ரம் பெருமூக்கு, அதற்கு மேலே குட்டையாக நீண்டிருப்பது சிறுமூக்கு, இரண்டுக்கும் நடுவில் உள்ள வெட்டு பிளவு. இப்படி வைத்தால் படத்தைப் பார்க்காமலே புரியும்.

அப்புறம், கட்டுரையில் விடுபடக் கூடாத ஒன்று. சஜிட்டா வழக்கமாக அரகோனைட் என்ற கால்சியம் கார்பனேட் படிகம். பண்ணையில் வளர்ந்த ட்ரௌட், சால்மன்களில் அது வேட்டரைட் என்ற இன்னொரு படிக வடிவமாக மாறிப்போவது அதிகம். அப்போது கல் கண்ணாடிபோல் தெளிந்து வடிவமும் கோணலாகிவிடும். அதை வைத்து இனம் சொன்னால் தப்பாகிவிடும். 'படிகம் மாறிய செவிக்கல்' என்று நீட்டியே எழுதுவோம். இங்கே சுருக்கத்தைவிடத் தெளிவு முக்கியம். வளரும் வேகமும் நீரின் வெப்பமும்கூட வடிவத்தை மாற்றும். ஒத்த அளவுள்ள மீன்களை ஒப்பிட்டு, மரபணுச் சோதனையோடு சேர்த்துப் பார்ப்பதே முறை என்பதையும் எழுத வேண்டும்.

மிச்சமிருப்பது சல்கஸ், கல்லின் உட்பக்கத்தில் ஓடும் நீண்ட பள்ளம். 'வரி' என்றால் வயது வளையத்தோடு குழம்பும். உழவில் சொல்லும் 'சால்' எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. 'செவிச்சால்' என்று வைக்கலாமா? மீன்வளம் படித்தவர்கள் சொல்லுங்கள்.