கொடித்தோடை, பாகல் நடும் கிடங்குக்கு மாட்டெரு எவ்வளவு?

கேள்வி (வெள்ளவத்தை)
மதிலோரம் ஒரு கொடித்தோடையும் இரண்டு பாகலும் வைக்கப் போகிறேன். உரப்பையில் வந்த மாட்டெரு மேலே காய்ந்திருக்கிறது, உள்ளே கை விட்டால் சூடு. கிடங்கின் அடியில் எருவைக் கொட்டி, மேலே மண் போட்டு நடலாமா? கடற்பக்கம் என்பதால் மண் வெறும் மணல்.

பதில் (தெகிவளை)
சூடு இருந்தால் இன்னும் மக்கவில்லை. இப்போதே போட்டால் அந்தச் சூடும் அமோனியாவும் இளவேரைக் கருக்கிவிடும். நிழலில் குவித்து, லேசாக நனைத்து, பொலித்தீனால் மூடி, வாரமொருதரம் புரட்டுங்கள். வெள்ளையாகத் தடித்த வண்டுப்புழு கிடந்தால் பொறுக்கி எறியுங்கள். இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். ஆகிவிட்டதா என்று பார்க்க, ஒரு பிடி ஈர எருவைப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி மூன்று நாள் வைத்துத் திறவுங்கள். மூக்கில் ஏறும் நெடி வந்தால் பொறுக்க வேண்டும். மண்வாசம் வந்தால் போடலாம்.

அடியில் தனிப்படையாகப் போடவே வேண்டாம். மக்க மக்க எரு இறங்கும், கன்றும் கூடவே இறங்கும், மழைத்தண்ணீர் அடிமரத்தில் தேங்கும். கொடித்தோடை தண்டழுகிச் சாவது பெரும்பாலும் இப்படித்தான்.

பதில் (கொட்டாஞ்சேனை)
அளவைச் சொல்கிறேன். கொடித்தோடைக்கு 2 அடி நீளம், அகலம், ஆழம். மக்கிய எரு 10 லீற்றர் வாளியால் மூன்று. பாகலுக்கு ஒன்றரை அடி அகலம், ஓரடி ஆழம், ஒரு வாளி. தோண்டிய மண்ணோடு நன்றாகப் பிசறி, நிலமட்டத்துக்கு மேல் 4 அங்குலம் மேடாக நிரப்புங்கள். தண்ணீர் விட்டு இரண்டு வாரம் அமர விட்டு நடுங்கள். மதிலிலிருந்து ஓரடியாவது தள்ளி வையுங்கள். அத்திவாரத்தடியில் கிடக்கும் சீமெந்துச் சாந்து மண்ணைக் காரமாக்கும்.

மணலில் மழை சத்தை அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே எல்லா எருவையும் முதலிலேயே கொட்டாமல், மாதமொருதரம் இரண்டு கையளவு, தண்டிலிருந்து அரையடி தள்ளி வட்டமாகப் போடுங்கள். தண்டில் முட்டக் குவித்தால் அந்த இடத்திலேயே அழுகும்.

கேள்வி (வெள்ளவத்தை)
நன்றி அண்ணா. கோழி எரு போட்டால்? பயத்தங்காயும் வைக்க எண்ணம்.

பதில் (கொட்டாஞ்சேனை)
கோழி எருவில் தழைச்சத்து மிக அதிகம். மக்கியதாக இருந்தாலும் மாட்டெருவின் கால்வாசிதான். கூடினால் கொடி இலையாகவே ஓடும், பூக்காது. பயத்தைக்குக் கோழி எரு வேண்டாம். அதன் வேர்முடிச்சே காற்றிலிருந்து தழைச்சத்தை எடுக்கும். குழிக்கு இரண்டு கையளவு மாட்டெரு போதும்.