புதுப்பிப்பு: அக்ரிலிக் நகத்துக்கு இன்ஃபில் போட்டாச்சு

சம்பளம் வந்ததும் எனக்கே எனக்காக அக்ரிலிக் நகம் (நம் நகத்தின் மேல் பூசி உருவாக்கும் செயற்கை நகம்) போட்டுக்கொள்வதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். நகம் வளர்ந்து தோலோரம் இடைவெளி தெரிகிறது, முழுக்கக் கழற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தேன். இன்ஃபில், அதாவது அந்த இடைவெளியை மட்டும் அக்ரிலிக்கால் நிரப்புவது, போதும் என்றீர்கள். அதைத்தான் செய்தேன்.

கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். அதனால் இடைவெளி வரத்தான் செய்யும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நிரப்பினால் சரி. ஒரு விரலில் மட்டும் ஓரம் தூக்கியிருந்தது. அதன் மேலேயே பூச வேண்டாம் என்றேன். நகம் போட்டுவிடும் பெண்ணும் தூக்கிய பகுதியைப் பொறுமையாக அராவி எடுத்த பிறகே புதிதாக வைத்தார். அடியில் ஈரம் தங்கினால் சூடோமோனாஸ் பாக்டீரியா வளர்ந்து நகம் பச்சையாகிவிடும், அதனால் இதில் நான் கறார்.

அக்ரிலிக் பொடியோடு கலப்பது என்ன திரவம் என்றும் கேட்டேன். ஈஎம்ஏ (எத்தில் மெத்தாக்ரிலேட்) என்று பாட்டிலையே காட்டினார். நகத்துக்குக் கெடுதலான எம்எம்ஏ (மெத்தில் மெத்தாக்ரிலேட்) என்றால் எழுந்து வந்திருப்பேன்.

இந்த முறை பாதாம் வடிவம், அடர் மெரூன். இரண்டு கையும் அவரிடம் இருப்பதால் போனைத் தொட முடியாது. அந்த நேரம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அப்புறம், கழற்றுவது பற்றிக் கேட்டவர்களுக்கு: பிய்க்காதீர்கள். மேல்பூச்சை அராவிவிட்டு அசிட்டோனில் ஊறவையுங்கள், தானாக இளகும்.