இரவு 11 மணிக்கும் சீலிங் சுடுகிறது, பெரிய ஏசி வாங்கினால் தீருமா?

கேள்வி:
வீடு கட்டி 20 வருடம் ஆகிறது, மேல்மாடியில் இருக்கிறோம். முன்பெல்லாம் சன்னலைத் திறந்து வைத்தால் படுக்கும் நேரத்துக்குள் அறை குளிர்ந்துவிடும். இப்போது இரவு 11 மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்கில் உள்ளங்கையை வைத்தால் சூடு உறைக்கிறது. 1 டன் ஏசி நிற்காமல் ஓடுகிறது. 1.5 டன்னாக மாற்றலாமா? அப்புறம், மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் இடத்தில் நீளமாக ஒரு விரிசல், மழை பெய்தால் அங்கே ஓதம் இறங்குகிறது.

பதில் 1:
தயவுசெய்து ஏசியைப் பெரிதாக்காதீர்கள். கான்கிரீட் பகலில் குடித்த வெயிலை ராத்திரி முழுக்க மெதுவாகத்தான் கக்கும், அதற்கு வெளிக்காற்று குளிர வேண்டும். பருவநிலை மாற்றத்தில் பல இடங்களில் பகலைவிட இரவின் வெப்பநிலைதான் வேகமாக ஏறியிருக்கிறது, அதனால் தளம் முழுசாக ஆறுவதற்குள் அடுத்த வெயில் வந்துவிடுகிறது. போதாததற்கு, வெளியே சூடு கூடக்கூட ஏசியின் குளிரூட்டும் திறனும் குறையும், மின்சாரம் மட்டும் அதிகமாக இழுக்கும். சூட்டை வெளியிலேயே மறியுங்கள். தரமான வெள்ளைக் கூல் ரூஃப் பெயிண்ட் புதிதில் வெயிலில் சுமார் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். அழுக்கு படிந்தால் குறையும், கழுவிவிட வேண்டும். மேற்குச் சன்னலுக்கும் நிழல் வெளிப்பக்கம்தான் வேண்டும். உள்ளே திரை போட்டால், கண்ணாடியைத் தாண்டி வந்த சூட்டில் பெரும்பகுதி அறைக்குள்ளேயே தங்கிவிடும்.

பதில் 2:
பெயிண்டுக்கு முன்னால் விரிசலைப் பாருங்கள், ஈரத்தளத்தில் அடித்தால் கொப்புளித்து உரியும். விரிசலுக்கும் இதே சூடு காரணமாக இருக்கலாம். 10 மீட்டர் கான்கிரீட் 30 டிகிரி ஏறினால் சுமார் 3 மில்லிமீட்டர் நீளும், கைப்பிடிச் சுவர் அதே அளவுக்கு நகராது, இணைப்பில் கிழியும். சிமெண்ட் வைத்து அடைத்தால் அடுத்த கோடையில் அதே இடத்தில் மறுபடி விடும், நெகிழ்ந்து கொடுக்கும் சீலன்ட்தான் சரி. சீலிங்கைச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். பொள்ளலாகச் சத்தம் வந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்துக் காரையைத் தள்ளுகிறதோ என்று பார்க்க வேண்டும், பொறியாளரைக் கூப்பிடாமல் பூசிவிடாதீர்கள்.

கேட்டவர்:
தட்டிப் பார்த்தேன், எல்லா இடமும் கெட்டியாகத்தான் கேட்கிறது. நிம்மதி. பெரிய ஏசி யோசனையை விட்டுவிட்டேன். மாடிக்கு மழைநீர்க் குழாய் ஒன்றுதான், போன மழையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. இன்னொன்று போடலாமா?

பதில் 2:
கட்டாயம். 1 டிகிரி கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும், கொட்டும்போது ஒரேயடியாகக் கொட்டும். உங்கள் குழாய் அந்தக் காலத்து மழைக்குக் கணக்கிட்டது. கைப்பிடிச் சுவரில், தளத்திலிருந்து நான்கு விரல் உயரத்தில், தண்ணீர் வழிய ஒரு துளையும் விடச் சொல்லுங்கள். குழாய் இலையால் அடைத்துக்கொண்டாலும் தண்ணீர் அந்தத் துளை வழியாக வெளியேறும், அதற்கு மேல் அதிகம் தேங்காது.