டோட்டோ-சான் புத்தகத்துக்கு அடுத்து எதைக் கொடுப்பது?

என் மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. கோவையில் இருக்கிறோம். அவள் தானாகவே படிக்கிற மாதிரி ஒரு தமிழ்ப் புத்தகம் இரண்டு மாதமாகத் தேடியும் அமையவில்லை.

எழுத்துக்கூட்டிப் படிக்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டாள். ஸ்டோரிவீவர் என்ற இலவசக் கதைத் தளத்தில் இரண்டாம் நிலைக் கதைகளை ஒரே மூச்சில் முடித்துவிட்டு, "இது பாப்பா புக்" என்கிறாள். சரி என்று நூறு பக்கக் கதை கொடுத்தால், பொடி எழுத்தையும் படமில்லாத பக்கங்களையும் பார்த்து மூன்றாம் பக்கத்திலேயே மூடிவிடுகிறாள்.

கோடை விடுமுறையில், ஒரு ஜப்பானியச் சிறுமியின் பள்ளி நாட்களைச் சொல்லும் டோட்டோ-சானை தினமும் இரவு நான்தான் வாசித்துக் காட்டினேன். பழைய ரயில் பெட்டிகள் வகுப்பறையாக இருக்கும் அந்தப் பள்ளி அவள் மனதை விட்டுப் போகவே இல்லை. அங்கே மதிய உணவில் கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம் இருக்க வேண்டும் என்பார்கள்; இன்றும் டிபன் பாக்ஸைத் திறந்து "இதுல கடல் எது, மலை எது?" என்று கேட்கிறாள். அவ்வளவு பிடித்த புத்தகத்தையும் தானே படிக்க உட்கார்ந்தால் திணறுகிறாள்.

குட்டி இளவரசனும் வாங்கினேன். படங்கள் பிடித்தன, கதை இன்னும் எட்டவில்லை. தெனாலிராமன், பஞ்சதந்திரம் எல்லாம் மனப்பாடம். நூலகத்தில் எடுத்தவை பெரும்பாலும் நீதிக் கதைகள். கடைசிப் பத்தியில் புத்திமதி வந்ததும் முகம் சுளிக்கிறாள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் வரும் கதை, பெரிய எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் படம், நாற்பது முதல் அறுபது பக்கம். அப்படி உங்கள் வீட்டுக் குழந்தை சமீபத்தில் தானாகவே படித்து முடித்த தமிழ்ப் புத்தகம் எது?