பூத்தில் ஒரு நாள்: திருப்பி அனுப்பிய கதை

2024 மே 2, லண்டன் மேயர் தேர்தல். ஒரு நாள் சம்பளத்துக்கு வாக்குச்சாவடி கிளார்க்காகப் போயிருந்தேன். காலை 7 மணிக்குக் கதவு திறந்தால் இரவு 10 வரை அங்கேயேதான். யார் வந்தார், யார் வரவில்லை என்று வெளியே சொல்லக்கூடாது, அதனால் ஆள் தெரியாதபடி கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன்.

2023 வரைக்கும் இங்கிலாந்தில் பெயரும் முகவரியும் சொன்னால் போதும், வாக்குச்சீட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அப்புறம்தான் போட்டோ அடையாளம் கட்டாயம் ஆனது. லண்டன்காரர்களுக்கு அன்றைக்குத்தான் பெரிய அளவில் முதல் அனுபவம்.

மதியம் ஒரு பெரியவர் வயதானவர்களுக்கான இலவசப் பயண அட்டையை, ஃப்ரீடம் பாஸை, நீட்டினார், சரி என்று சீட்டு கொடுத்தோம். அவருக்குப் பின்னாலேயே ஒரு கல்லூரிப் பெண், கையில் மாணவர்களுக்கான 18+ ஆய்ஸ்டர் பயண அட்டை. அதிலும் போட்டோ இருக்கிறது, பெயர் இருக்கிறது, ஆனால் செல்லும் அடையாளங்களின் பட்டியலில் அந்த அட்டை இல்லை. "அவருடையதும் பஸ் அட்டைதானே?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. சீட்டு மறுக்கும் அதிகாரம் கிளார்க்குக்குக் கிடையாது, பூத்தின் தலைமை அலுவலர்தான் வந்து சொன்னார். பாஸ்போர்ட் வீட்டில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று போனவள் 10 மணி வரை வரவில்லை. அதற்கென்று இருக்கும் படிவத்தில் ஒரு கோடு, அவ்வளவுதான்.

அதே நாளில் காலாவதியான பாஸ்போர்ட்டோடு ஒருவர் பயந்துகொண்டே வந்தார். படத்தில் தலை நிறைய முடி, நேரில் ஒன்றுமில்லை. முகம் ஒத்துப்போனால் போதும், தேதி முடிந்திருந்தாலும் செல்லும் என்றதும் அவருக்கே நம்ப முடியவில்லை.

கள்ள ஓட்டு? நான் ஒன்றுகூடப் பார்க்கவில்லை. 2019-ல் நாடு முழுக்க வாக்குச்சாவடியில் ஆள்மாறாட்டம் என்று வந்த புகார் 33, தண்டனை பெற்றது ஒரே ஒருவர். 2023 மே உள்ளாட்சித் தேர்தலில் அடையாளம் இல்லாமல் போய்த் திரும்பி வராதவர்கள் குறைந்தது 14,000 பேர் என்று தேர்தல் ஆணையமே சொல்லியிருக்கிறது. அட்டை கேட்பதே தப்பு என்று நான் சொல்லமாட்டேன், அந்தப் பட்டியலைப் போட்டவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

* * *

மேலே எழுதிய அண்ணனுக்கு: எங்கள் வீட்டில் அத்தைக்குத் தபால் ஓட்டு. அதை அனுப்பும்போது போட்டோவே வேண்டாம், கையெழுத்தும் பிறந்த தேதியும் ஏற்கெனவே பதிவில் இருப்பதோடு பொருந்தினால் போதும். பர்மிங்காமில் 2004 உள்ளாட்சித் தேர்தலில் பெரிய மோசடி நடந்ததே தபால் ஓட்டில்தான், அடுத்த வருடம் நீதிபதி அதைக் கிழிகிழி என்று கிழித்தார். அடையாள அட்டை பற்றிய இத்தனை கட்சிச் சண்டையும் பூத் வாசலைச் சுற்றியே நடப்பது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

அத்தைக்கு இரண்டு வருடமாகக் கை நடுக்கம். போன முறை கையெழுத்து பொருந்தவில்லை, ஓட்டு எண்ணப்படவில்லை என்று தேர்தல் முடிந்த பிறகு கடிதம் வந்தது. புதுக் கையெழுத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்றால் கேட்கமாட்டேன் என்கிறார். பழைய கையெழுத்தையே கொண்டுவருகிறேன் என்று தினமும் காபி குடித்ததும் பழைய பேப்பர் ஓரத்தில் எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறார்.