மறு: பாம்புப் பேழையின் ‘ஹியூமிடிட்டி’ – எந்த ஈரம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> வளர்ப்புப் பாம்புகளுக்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘ஹியூமிடிட்டி’க்கு ஈரப்பதம் என்றும் பாம்பு ஒளிந்துகொள்ள வைக்கும் ஈரப் பெட்டியான ‘ஹியூமிட் ஹைட்’டுக்கு ஈரப்பத மறைவிடம் என்றும் போட்டிருக்கிறேன். இரண்டாவது சொல் நெருடுகிறது. வேறு உண்டா?

ஐயா, இரண்டாவது சொல்லைப் பற்றி ஏற்கெனவே பலரும் எழுதிவிட்டார்கள். எனக்கு உறுத்துவது முதல் சொல்தான்.

‘ஈரப்பதம்’ தமிழில் இரண்டு வேலை பார்க்கிறது. வானிலை அறிக்கையில் அது காற்றிலுள்ள நீராவி. மண்ணின் ஈரப்பதம், தானியத்தின் ஈரப்பதம் என்னும்போது பொருளுக்குள் ஊறி நிற்கும் நீர். மற்ற துறைகளில் இதனால் பெரிய குழப்பம் வராது. எதைச் சொல்கிறோம் என்பதைச் சூழலே காட்டிக்கொடுத்துவிடும். பாம்புப் பேழையில் அப்படியில்லை. இரண்டு ஈரமும் ஒரே பெட்டிக்குள், ஒரு சாண் உயர வித்தியாசத்தில் இருக்கின்றன. ஒன்று பாம்புக்கு வேண்டும். மற்றது மிஞ்சினால் நோய்.

“ஈரப்பதம் 70 விழுக்காடு இருக்க வேண்டும்” என்று கையேட்டில் படிக்கும் புதியவர் என்ன செய்வார்? தரையில் பரப்பிய தேங்காய் நார்த்தூளின் மேல் நீரை ஊற்றிச் சொதசொதவென்று ஆக்கிவிடுவார். காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் மானி 70 காட்டும், அவருக்கும் நிம்மதி. பாம்போ நாள் முழுவதும் அந்தச் சகதியில் வயிற்றை வைத்துக் கிடக்கும். சில நாள்களில் வயிற்றுச் செதில்கள் பழுப்பேறும், விளிம்பில் கொப்புளம் கிளம்பும், பிறகு செதில் அழுகல். கையேடு சொன்னது காற்றை, அவர் நனைத்தது படுக்கையை. பழி அவர்மேல் மட்டுமா?

காற்று வறண்டாலும் ஆபத்துதான். சட்டை உரிக்கும் காலம் நெருங்கும்போது பாம்பின் நிறம் மங்கி, கண்கள் பால்நீலமாகப் படலம் போட்டதுபோல் ஆகின்றன. பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் நடுவே நீர்மம் சுரப்பதால் வரும் மாற்றம் அது. சில நாள்களில் கண் தெளிந்துவிடும். அதன்பின் மூக்கு நுனியைச் சொரசொரப்பான எதிலாவது தேய்த்து, உதட்டோரம் தோலைப் பிரித்து, காலுறையைப் புறம்திருப்பிக் கழற்றுவதுபோலத் தலை முதல் வால் வரை ஒரே உரியாக வெளியே வந்துவிடும். காற்றில் நீராவி போதாவிட்டால் தோல் காய்ந்து துண்டுதுண்டாக ஒட்டிக்கொள்ளும். வால்நுனியில் வளையமாக நின்றுவிட்ட துண்டு இறுகி, இரத்த ஓட்டத்தை நிறுத்தி, நுனியையே இழக்கச் செய்யும். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற செதிலும் சட்டையோடு உரிய வேண்டும். அது கழலாமல் தங்குவதற்குத் தமிழில் ‘கண்சட்டை’ என்று நான் எழுதி வருகிறேன். ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம். (கண்சட்டையை இடுக்கியால் பிய்க்கக் கூடாது என்ற வரியைக் கையேட்டில் மறக்காமல் சேருங்கள். அடியிலுள்ள புதிய செதிலும் கிழிந்துவிடும்.)

ஆகவே என் பரிந்துரை: காற்றில் உள்ளதற்குக் ‘காற்றீரம்’, தரைப்பொருளில் உள்ளதற்குப் ‘படுகையீரம்’. இரண்டையும் பிரித்துவிட்டால் “காற்றீரம் 70, படுகையின் மேற்பரப்பு உலர்வாக” என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். நடைமுறையும் அதுதான். மேலே தெளித்து நனைப்பதை விட்டுவிட்டு, மூலைகளில் நீரை ஊற்றி அடியடுக்கை மட்டும் ஈரமாக வைத்தால், மேலடுக்கு உலர்ந்திருக்கும். அடியிலிருந்து நீராவி மெல்ல மெல்ல ஏறும். தெளிப்பானால் அடிப்பது மானியின் முள்ளைச் சற்று நேரம் துள்ள வைக்கும், அவ்வளவுதான். கம்பிவலை மூடியிருந்தால் அந்த நேரமும் குறைவு.

எண்ணைப் பற்றியும் ஒரு சொல். 25 பாகை செல்சியசில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 23 கிராம் நீராவியைத் தாங்கும். 32 பாகையில் ஏறத்தாழ 34 கிராம். பேழையின் குளிர்ந்த முனையில் 60 விழுக்காடு காட்டும் அதே காற்று, ஒரு சொட்டு நீரும் குறையாமல், சூடேற்றும் விளக்கின் அடியில் 40க்குச் சற்று மேலே வந்து நிற்கும். எந்த முனையில் அளந்தது என்று சொல்லாத எண்ணால் பயனில்லை. பள்ளிப் பாடநூல்களின் ‘ஒப்பு ஈரப்பதம்’ என்ற சொல்லில் அந்த ‘ஒப்பு’ இருப்பது இதற்காகத்தான். நாம்தான் சுருக்குகிறோம் என்று அதை வெட்டிவிட்டோம்.

இனி ‘ஹியூமிட் ஹைட்’. பெட்டி ஒன்றில் பாம்பு நுழையுமளவு துளையிட்டு, உள்ளே பிழிந்தால் சொட்டாத அளவுக்கு ஈரமான ஸ்பாக்னம் பாசியை (நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் ஒரு பாசி) நிரப்பி வைப்பது. பேழை முழுவதையும் ஈரமாக்காமல் ஓரிடத்தில் மட்டும் ஈரம். வேண்டும்போது பாம்பே போய்க்கொள்ளும். சட்டைக் காலத்தில் பெரும்பாலும் அதற்குள்ளேயே கிடக்கும். ‘ஈரப்பத மறைவிடம்’ என்பது அரசாணை வாசகம்போல் இருக்கிறது. முந்தைய மடலில் ஓர் அம்மையார் ‘ஈரப்புற்று’ என்றார். பொருத்தம் அருமை. கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த கதை நமக்குத் தெரிந்ததே. பந்து மலைப்பாம்பும் (‘பால் பைத்தான்’ என்று எழுதினால் பால் குடிக்கும் பாம்பு என்று நினைப்பார்கள்) ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் கரையான் புற்றுகளிலும் எலிவளைகளிலும்தான் பகலைக் கழிக்கிறது. வெளியே காற்று வறண்டாலும் அவற்றின் உள்ளே ஈரம் தங்கும். ஆனால் தோல்புற்று, வாய்ப்புற்று என்று பழகிய காதில் ‘ஈரப்புற்று’ நோயின் பெயராகத்தான் விழும். “என் பாம்புக்கு ஈரப்புற்று இருக்கிறது” என்று ஒருவர் எழுதினால் ஆறுதல் மடல்கள் வந்து குவியும்.

என் வாக்கு ‘ஈரவளை’க்கு. எலிவளை, நண்டுவளை வழியில் அமைந்த சொல். சின்னச் சொல்லும்கூட. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது பாம்புக்கும் பொருந்தும்: இரண்டு பாம்புகளை ஒரே ஈரவளையில் விடக் கூடாது.

அன்புடன்.

—

> காற்றில் உள்ளதற்குக் ‘காற்றீரம்’

ஐயா, வணக்கம். ஈரவளைக்கு என் கையும் உயர்கிறது. காற்றீரத்துக்கு உயரவில்லை. மாணவர்கள் படிப்பதும் வானிலை அறிக்கையில் கேட்பதும் ஈரப்பதம். பாம்பு வளர்ப்போருக்கு மட்டும் தனிச்சொல் கொடுத்தால், அவர்கள் வேறு எந்தத் தமிழ்ப் பக்கத்தைத் தேடினாலும் செய்தி சிக்காது. குழப்பம் தருவது ‘படுகை’ப் பக்கம்தானே? அதற்கு மட்டும் ஈரப்பதம் என்ற சொல்லைத் தடுத்துவிடுங்கள். காற்றுக்கு ஈரப்பதம், தரைப்பொருளுக்கு வெறும் ஈரம், நீர் தேங்கினால் சகதி. மூன்றும் ஏற்கெனவே புழங்கும் சொற்கள்.

‘படுகை’யும் ஆற்றுப்படுகையை நினைவூட்டுகிறது. ‘விரிப்பு’ என்றால் என்ன? மாற்றுவது, அள்ளிப் போடுவது, புதிதாக விரிப்பது எல்லாம் அந்தச் சொல்லோடு இயல்பாகச் சேரும்.

கண்சட்டை நன்று. உடல் முழுவதும் தோல் தங்கும் நிலைக்குச் ‘சட்டைச் சிக்கல்’ என்று சேர்த்துக்கொள்ளலாமா?

—

அம்மா, ‘விரிப்பு’ என் ‘படுகை’யைவிட நன்றாகவே இருக்கிறது, எடுத்துக்கொள்வோம். சட்டைச் சிக்கலும் சரி.

ஈரப்பதத்தைக் காற்றுக்கு மட்டும் என்று ஒதுக்குவதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு: கையேட்டில் நாம் ஒதுக்கலாம், படிப்பவர் மனத்தில் அது ஒதுங்காது. அதனால் முதல் முறை வரும் இடத்திலும் ஒவ்வொரு அட்டவணையின் தலைப்பிலும் ‘காற்றின் ஈரப்பதம்’ என்று முழுதாகவே எழுதலாம். நடுவில் சுருங்கினாலும் பரவாயில்லை. காற்றீரத்தை அடைப்புக்குள் மாற்றுச்சொல்லாக விட்டுவைப்போம், பிழைத்தால் பிழைக்கட்டும்.

கையேடு எழுதும் நண்பருக்கு: மானியைச் சோதிக்கும் முறையையும் சேருங்கள். ஒரு மூடியில் சாதாரணச் சமையல் உப்பை ஈரமணல் பதத்துக்குக் குழைத்து, மானியோடு காற்றுப்புகாத பையில் ஓர் இரவு வைத்தால், உள்ளே காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டில் நிலைக்கும். மானி 68 காட்டினால் 7 கூட்டிப் படிக்க வேண்டும். உப்பு கரைந்து நீராகிவிடக் கூடாது, மானியின் மேல் படவும் கூடாது. கருவிக்கு ‘ஈரமானி’ போதும், ‘ஈரப்பதமானி’ என்று நீட்ட வேண்டாம். ஆனால் விரிப்பில் குத்தி மண்ணின் ஈரத்தை அளக்கும் கருவியையும் சிலர் ஈரமானி என்றே விற்கிறார்கள். அதற்கு ஒரு பெயர் தேவை. யாராவது முன்மொழியுங்கள்.