‘பிளட்ஹவுண்ட்ஸ்’ இரண்டாம் பருவம்: வட்டி முதலைகள் இல்லாமல் அந்தக் குத்துக்குக் கனம் இருக்குமா?

செந்தூல்வாசி:
வணக்கம். இந்தக் கொரிய அதிரடித் தொடரின் இரண்டாம் பருவம் பற்றி இங்குள்ளோர் கருத்தை அறிய விரும்புகிறேன். 2023 ஜூன் மாதம் நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்த முதல் பருவத்தின் எட்டுப் பாகங்களும் என்னைக் கட்டிப்போட்டதற்குச் சண்டைக் காட்சிகள் மட்டும் காரணமல்ல. கோவிட் காலத்தில் வியாபாரம் படுத்துப்போன தாயின் சிறிய காப்பிக் கடை, அதைக் காப்பாற்ற வாங்கிய கடன், கையெழுத்திட்ட பிறகே தெரியவரும் மோசடி, கடையை அடித்து நொறுக்க வந்து நிற்கும் அடியாட்கள் என அந்தக் கதை மலேசியாவில் நம் தாமானில் (குடியிருப்பில்) நடப்பதைப் போலவே இருந்தது. விளக்குக் கம்பங்களில் ‘ஆலோங்’ எனப்படும் சட்டவிரோத வட்டிக்காரர்களின் ஒட்டிகளையும், கடனைக் கட்டாதவர் வீட்டுக் கேட்டில் வீசப்பட்ட சிவப்புச் சாயத்தையும் பார்த்தே வளர்ந்த நமக்கு, அந்தத் தொடரின் வட்டி முதலை கிம் மியங் கில் எப்படிப்பட்டவன் என்று எவரும் விளக்க வேண்டியதில்லை. அந்தத் தாயின் மகனான குத்துச்சண்டை வீரன் கன் வூ விட்ட ஒவ்வொரு குத்தும் யாருக்காக என்பது நமக்குத் தெரிந்திருந்தது. இரண்டாம் பருவத்திலோ கதை சட்டவிரோதக் குத்துச்சண்டைப் போட்டிகளை நடத்தும் கும்பலின் பக்கம் திரும்புகிறது. ரெயின் என்ற பெயரில் பாடகராகப் புகழ்பெற்ற ஜங் ஜி ஹூன் வில்லனாக வருகிறார். கடன்பட்ட குடும்பம் கதையின் நடுவில் இல்லாதபோது அந்தக் குத்துகளுக்கு அதே கனம் இருக்குமா?

பினாங்கு வாசகி:
எனக்கும் இதே கவலைதான், அண்ணா. முதல் பருவம் கடன் கொடுப்பதையே பாவம் என்று சொல்லவில்லை. ஹோ ஜூன் ஹோ நடித்த சோய் ஐயா, இல்லாதவர்களுக்கு வட்டியில்லாமல் கொடுப்பவர். மியங் கில் இல்லாதவர்களையே தேடிப்பிடித்து உறிஞ்சுபவன். ஒரே தொழிலின் இந்த இரண்டு முகங்களுக்கு இடையில்தான் கதையின் உயிர் இருந்தது. நம் நாட்டில்கூட 1951-ஆம் ஆண்டின் வட்டித் தொழில் சட்டப்படி, உரிமம் பெற்றவர் அடமானமில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்க முடியாது. அடமானம் இருந்தால் 12 விழுக்காடுதான். அந்தக் கோட்டைத் தாண்டியவனிடம் சிக்கிய குடும்பம் படும் பாட்டை அறிந்தவர்கள், கன் வூவின் தாய் உடைந்த கடையில் நிற்பதைக் கண் கலங்காமல் பார்த்திருக்க முடியாது. சோய் ஐயாவும் போய்விட்ட பிறகு, அந்த மறுமுகத்தைக் காட்ட யார் இருக்கிறார்கள்?

குத்துச்சண்டைப் பயிற்றுநர், கோலாலம்பூர்:
தங்கை கேட்டதற்கு விடை குத்துச்சண்டைக்குள்ளேயே இருக்கிறது என்பது என் கருத்து. இந்த விளையாட்டுக்கும் இரண்டு முகங்கள் உண்டு. கையுறை, பத்து வரை எண்ணும் நடுவர், வளையத்தின் ஓரத்தில் மருத்துவர், எடைப் பிரிவு ஆகியவை வெறும் சம்பிரதாயமல்ல; ஒவ்வொன்றுக்கும் யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள். 1982-இல் லாஸ் வேகாஸில் ரே மான்சினியுடன் மோதிய கொரிய வீரர் கிம் டுக் கூ, 14-ஆம் சுற்றில் விழுந்து, சில நாள்களில் உயிரிழந்தார். அதன் பிறகே உலகக் குத்துச்சண்டை மன்றம் 15 சுற்றுகளை 12 ஆகக் குறைத்தது; மற்ற அமைப்புகளும் பின்னர் அதே வழிக்கு வந்தன. நம் மெர்டேக்கா அரங்கில் 1975 ஜூலை முதல் நாள் முகம்மது அலியும் ஜோ பக்னரும் ஆடியது 15 சுற்றுப் போட்டி என்பதையும் இங்கே நினைத்துப் பாருங்கள்.

இப்படி உயிரைக் கொடுத்துப் பெற்ற விதிகளை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, மனிதன் விழுவதைப் பந்தயப் பொருளாக்குபவன் வட்டி முதலைக்கு எந்த வகையில் குறைந்தவன்? அவனும் பணமில்லாத இளைஞனைத்தான் தேடிப்பிடிப்பான். வெறுங்கையால் மண்டையில் ஓங்கிக் குத்தினால், பெரும்பாலும் சுண்டுவிரலுக்குக் கீழுள்ள எலும்புதான் முதலில் முறியும். கை போனால் பையனின் பிழைப்பும் போய்விடும். அந்த வலியை, அடிபட்டவனின் மறுநாளை, இத்தொடர் நிதானமாகக் காட்டினால் கனம் தானாக வரும். வில்லனின் உடற்கட்டையே சுற்றிச் சுற்றிக் காட்டினால் வராது.

செந்தூல்வாசி:
நன்றி, ஐயா. இந்தக் கோணம் எனக்குத் தோன்றவில்லை. இன்னொன்றையும் சேர்க்க விரும்புகிறேன். நடிகை கிம் சே ரோன் படப்பிடிப்பின் இடையில் விலக நேர்ந்ததால் முதல் பருவத்தின் கடைசி இரண்டு பாகங்கள் மாற்றி எழுதப்பட்டன. அந்தத் தடுமாற்றம் திரையில் நன்றாகவே தெரிந்தது. அப்போதும் தொடரைத் தாங்கிப் பிடித்தது கன் வூவுக்கும் இன்னொரு குத்துச்சண்டை வீரனான வூ ஜினுக்கும் இடையிலான நட்புதான். இறுதிப் போட்டியில் எதிரெதிரே நின்று அடித்துக்கொண்ட இருவர், அதற்குப் பிறகு ஒரே மேசையில் அமர்ந்து மனம்விட்டுப் பேசி, இருவருமே மரைன் படைப் பிரிவில் பணியாற்றியவர்கள் என்று அறிந்ததும் அண்ணன் தம்பியாகிறார்கள். விதிப்படி ஆடிய சண்டையில் அடித்தவன்மீது பகை தங்காது என்பதை அந்தக் காட்சியே காட்டிவிடுகிறது. ஐயா சொன்ன நல்ல முகம் அதுதான் என்றால், சோய் ஐயாவின் இடத்தை நிரப்ப இந்த இருவருமே போதும் என்று நினைக்கிறேன்.